சிவப்பு விளக்கு எரிந்தால் சிப்பின் மேல் பழி போடாதீர்கள்

பழைய கேம் கன்சோல் ஒன்று ஆன் ஆகவில்லை. யாரோ எப்போதோ அதில் சிப் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு தகவலும் தெரிந்தால் போதும், நம் ஆட்கள் தீர்ப்பே எழுதிவிடுவார்கள்: "மாட் பண்ணினதுதானே, அப்படித்தான் போகும்." கடைக்காரரும் இதையே சொல்வார், சித்தப்பாவும் இதையே சொல்வார். மெஷினைத் திறந்துகூடப் பார்க்காத நண்பனும் இதையே சொல்வான்.

எனக்கு இந்தப் பதிலைக் கேட்டாலே கோபம் வரும். என் பிழைப்பு ஐ.டி. கன்சல்டிங். சர்வர் விழுந்த ராத்திரிகளில் முதல் கேள்வி எப்போதும் "கடைசியா யார் கை வெச்சது?" என்பதுதான். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று கேட்பவர் பத்தில் ஒருவர். கை வைத்தவனே குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கு மூளை தேவையில்லை. (கல்ஃபில் வளர்ந்த பிள்ளைகள் நமக்கு இது பழக்கமான விஷயம்தான். மார்க் குறைந்தாலும் தமிழ் தடுமாறினாலும் "அங்க வளர்ந்த புள்ள, அதான்" என்று ஊரில் ஒரே காரணம் வைத்திருப்பார்கள்.)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருட்டு கேம் விற்பவர்களுக்காக நான் வாதாடவில்லை. அமீரகத்தில் 2002-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் காப்புரிமைச் சட்டம் இருந்தது. இப்போது அதன் இடத்தில் 2021-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் சட்டம் இருக்கிறது. பாதுகாப்புப் பூட்டை உடைத்துக் காப்பி அடிப்பதை இரண்டுமே விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பேசுவது ஏற்கெனவே உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடக்கும் மெஷினைப் பற்றி. அது உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்பதைப் பற்றி மட்டும்.

போன வருடம் அஜ்மானில் என் பெரியப்பா வீட்டில் சாமான் கட்டினார்கள். பெரியப்பா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குக் கிளம்புகிறார். ஸ்டோர் ரூமிலிருந்து முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் ஒன்று வெளியே வந்தது. 2001 நவம்பரில் அமெரிக்காவில் வந்த அந்தக் கனமான கறுப்புப் பெட்டிதான். சிப் போட்டது, உள்ளே பெரிய ஹார்ட் டிஸ்க் மாற்றியது. பெரியப்பாவின் சின்ன மகனுக்கு அது வேண்டும். கனடாவுக்குப் போய்விட்ட அவன் அண்ணனோடு சேர்ந்து ஆடிய கேம்களின் சேவ் எல்லாம் அந்த டிஸ்கில்தான் இருக்கின்றன. பவர் பட்டனை அழுத்தினால் ஆன் ஆகும், அணையும், மறுபடி ஆன் ஆகும், கடைசியில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னும். திரையில் ஒன்றும் வராது. ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "மாட் பண்ணினது, போர்டு போச்சு, தூக்கிப் போடுங்க" என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த மின்னலுக்கு ஒரு அர்த்தம் உண்டு. எக்ஸ்பாக்ஸுக்குள் பவரை மேய்க்க ஒரு குட்டி கன்ட்ரோலர் இருக்கிறது. ஆன் ஆனதும் அது பிராசசரிடம் ஒரு கேள்வி கேட்கும். பயாஸ் சரியாக ஓடினால்தான் சரியான பதில் வரும். வராவிட்டால் மெஷினை அணைத்து மறுபடி போடும். அப்படியும் பதில் இல்லை என்றால் சிவப்பு-பச்சை. அதாவது அந்த விளக்கு "போர்டு போச்சு" என்று சொல்லவில்லை. "பயாஸிலிருந்து எனக்குப் பதில் வரவில்லை" என்றுதான் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

சிப் போட்ட எக்ஸ்பாக்ஸில் பயாஸ் இருப்பது அந்தச் சிப்பில். போர்டில் டி-ஜீரோ என்ற புள்ளியை எர்த்தோடு சேர்த்துவிட்டால், மெஷின் தன் சொந்த பயாஸை விட்டுவிட்டுச் சிப்பில் இருப்பதைப் படிக்கும். சிப்பைக் கழற்றி, அந்த ஒயரையும் எடுத்துவிட்டால் பழையபடி சொந்த பயாஸுக்குத் திரும்பும். நாங்கள் செய்தது இவ்வளவுதான். மறுபடி ஆன் செய்தோம். திரையில் சர்வீஸ் தேவை என்ற செய்தி வந்தது. மூலையில் 05 என்ற எண்.

தம்பி முகம் வாடிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏன் என்றால், எரர் எண்ணைத் திரையில் எழுத வேண்டுமானால் பிராசசர் ஓட வேண்டும், மெமரி வேலை செய்ய வேண்டும், வீடியோ வேலை செய்ய வேண்டும். செத்த போர்டு எண் காட்டாது. 05 என்றால் ஹார்ட் டிஸ்க் பூட்டப்படவில்லை என்று பொருள். கம்பெனியிலிருந்து வரும் எக்ஸ்பாக்ஸில் டிஸ்க் ஒரு பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சாவி போர்டில் ஈஈப்ராம் என்ற சின்னச் சிப்பில் இருக்கும். பெரிய டிஸ்க் மாற்றியவர்கள் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். மாட் பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது, சொந்த பயாஸ் கண்டுபிடித்துச் சத்தம் போடுகிறது. 06 வந்திருந்தால் பூட்டு உண்டு, சாவி பொருந்தவில்லை. 07 என்றால் டிஸ்க் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. 08 என்றால் டிஸ்க்கே தெரியவில்லை, பெரும்பாலும் கேபிளைப் பார்க்க வேண்டும்.

ஆக பிரச்சினை சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில். சிப்பின் ஸ்பிரிங் பின்கள் கறுத்துப்போயிருந்தன. துடைத்து, நேராக்கி, இறுக்கமாக உட்கார வைத்ததும் மெஷின் எழுந்தது. குற்றவாளி மாட் அல்ல, இருபது வருடத் தூசி. முதல் வேலையாக ஈஈப்ராமைக் காப்பி எடுத்து வைத்தோம். உங்களிடம் ஓடும் எக்ஸ்பாக்ஸ் இருந்தால் இன்றே இதைச் செய்யுங்கள். டிஸ்க் பூட்டியிருந்து, போர்டைக் குப்பையில் போட்டால், சாவியும் குப்பையில்தான்.

இந்தச் சாவி விஷயங்கள் வெளியே தெரிந்ததே ஒரு மாணவரால். ஆண்ட்ரூ ஹுவாங், பன்னி என்று கூப்பிடுவார்கள், 2002-இல் எம்.ஐ.டி.யில் பிஎச்.டி. மாணவர் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ்). போர்டில் இரண்டு சிப்புகளுக்கு நடுவே ஓடும் சிக்னலைத் தட்டிப் பிடித்து, உள்ளே ஒளித்து வைத்திருந்த பூட் கோடைப் படித்தார். அந்த ரகசியப் பகுதி மொத்தம் 512 பைட்தான். 2003-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார், 2013-இல் அந்தப் புத்தகத்தை இலவசமாகவே கொடுத்துவிட்டார். இன்ஜினியரிங் படிக்கப் போகும் பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்று என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் கை காட்டுவேன்.

கல்ஃபில் மாட்டை விட அதிகமாகக் கன்சோல்களைக் கொல்வது கரன்டும் சூடும்தான் என்பது என் எண்ணம். அமீரகத்தில் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்த எக்ஸ்பாக்ஸின் பவர் சப்ளை 100–120 வோல்ட்டுக்கானது. சவூதியில் பல வருடம் வீடுகளில் 127, 220 இரண்டும் இருந்தன. ரியாத்தில் ஒழுங்காக ஓடியதை ஷார்ஜாவுக்குக் கொண்டுவந்து அடாப்டர் பின் மட்டும் மாற்றிச் சொருகினால் ஒரே 'டப்'. ஆகவே எதற்கும் முன்னால் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். பவர் சப்ளையை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.

அடுத்தது எக்ஸ்பாக்ஸ் 360. மூன்று சிவப்பு விளக்கு புகழ்பெற்ற கதை. அதில் மாட்டுக்குச் சம்பந்தமே இல்லை. பெட்டியைப் பிரிக்காத லட்சக்கணக்கானவர்களுக்கும் அதேதான் வந்தது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரன்டியை மூன்று வருடமாக நீட்டியது, அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல். சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டதுதான் காரணம் என்று 2021 டிசம்பரில் வந்த அவர்களுடைய ஆவணப்படத்திலேயே சொன்னார்கள். துண்டு சுற்றிச் சூடேற்றும் வைத்தியம் ஒன்று உலாவுகிறது. நாலு நாள் ஓடும், அதற்குள் வீடு தீப்பிடிக்காமல் இருந்தால். ஹீட் கன் அடித்துக் காசு வாங்கும் கடைகளும் அதே வைத்தியத்தைத்தான் கொஞ்சம் நாகரிகமாகச் செய்கின்றன.

நாலு விளக்கும் சிவப்பாக எரிந்தால் பயப்படவே வேண்டாம், டிவி கேபிள் சரியாகச் சொருகவில்லை, அவ்வளவுதான். மூன்று எரிந்தால் பழைய மாடலில் உள்ளே இன்னொரு எண் இருக்கிறது. சிங்க் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே எஜெக்ட் பட்டனை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். ஒரு அழுத்தத்துக்கு ஒரு இலக்கம், மொத்தம் நாலு. எத்தனை விளக்கு மின்னுகிறதோ அதுதான் இலக்கம், நாலும் மின்னினால் பூஜ்யம். 0102 வந்தால் அந்த விரிசல் கதைதான் பெரும்பாலும்.

மாட்டின் இயல்பையே பழுது என்று நினைப்பதும் உண்டு. 2011-இல் வந்த ரீசெட் கிளிட்ச் மாட் போட்ட 360, ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் பிராசசருக்கு மிகச் சரியான நொடிப்பொழுதில் ஒரு தட்டு தட்டிக் குழப்பித்தான் உள்ளே நுழைகிறது. முதல் தட்டு தவறலாம், மூன்றாவதும் தவறலாம். கறுப்புத் திரை ஒரு நிமிடம் நின்றால் கொஞ்சம் பொறுங்கள்.

இதையெல்லாம் எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. எம்.இ. முடித்தேன், கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் நல்ல மார்க்கும் வாங்கினேன். மல்டிமீட்டரை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டியவர் பர் துபாயில் ஒரு சின்னக் கடையில் மொபைல் ரிப்பேர் பார்த்த மலையாளி இக்கா. என்ன மாட், யார் போட்டது என்று அவர் கேட்டதே கிடையாது. "ஆத்யம் வோல்டேஜ் நோக்கு" என்பார். அவரைப் போன்றவர்கள் கராமாவிலும் தேராவிலும் நிறைய இருக்கிறார்கள், விசிட்டிங் கார்டில் டெக்னீஷியன் என்று போட்டிருப்பார்கள். நம் வீடுகளில் அதைப் படிப்பு என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது.

ஜூலையில் வெக்கேஷன் கிளம்பும் முன் ஒரு வேலை. ஏ.சி. அணைத்துப் பூட்டிய ஃப்ளாட்டில், மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் இரண்டு மாதம் கன்சோல் வேகும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியே எடுத்து வையுங்கள். முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் என்றால் உள்ளே கடிகாரத்துக்கான கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. 1.6-க்கு முந்தைய போர்டுகளில் அது ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கசிந்து பக்கத்துத் தடங்களை அரிக்கும். பிறகு பவர் பட்டனே வேலை செய்யாது, அல்லது மெஷின் தானாக ஆன் ஆகும். தம்பியின் பெட்டியிலும் கசிவு தொடங்கியிருந்தது. சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து அதை எடுத்துவிடச் சொல்லுங்கள், அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைக்கவும் சொல்லுங்கள். அது இல்லாமலும் மெஷின் ஓடும். ப்ளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் கடிகாரம் மட்டும் மறந்துபோகும், நேரத்தை மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும்.