டிக்கெட் திகதியைப் பார்த்துப் பல் கட்டலாமா?



லீவு காலம் வந்தால் எங்கள் பக்கம் ஒரு கதை தொடங்கிவிடும். "அங்க பல்லுக்குச் சரியான காசு. இங்க வந்து இம்பிளான்ட் வச்சிட்டுப் போங்க" என்று வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நாமேதான் சொல்கிறோம். லண்டனிலிருந்து வந்தாலும் கட்டாரிலிருந்து வந்தாலும் அவர்கள் நிற்பது மூன்று நான்கு கிழமை. அதற்குள் ஒரு கலியாணம், ஒரு காணி அலுவல், பத்து வீட்டுச் சாப்பாடு. எல்லாம் முடிந்து கடைசிக் கிழமையில்தான் பல் டொக்டர். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ கட்டுநாயக்கா.

இந்தப் பழக்கத்தை நாம் மாற்ற வேண்டும். இம்பிளான்ட் வைத்தவர் பிளேனில் ஏறவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எப்போது ஏறுவது என்பதை வாயைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், டிக்கெட்டைப் பார்த்து அல்ல.

இம்பிளான்ட் என்பது கழற்றி மாட்டும் பல்செட் மாதிரி இல்லை. தாடை எலும்புக்குள் ஒரு டைட்டேனிய ஆணியை இறக்குகிறார்கள். எலும்பு அதைப் பிடித்த பிறகே மேலே பல் வைப்பார்கள். சுவீடன் நாட்டு டொக்டர் பிரோனெமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இப்படி வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும் வரைக்கும் அது அவர் வாயில் இருந்தது. ஆனால் எலும்பு நன்றாகப் பிடிப்பதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் எடுக்கும். வைத்த அன்றே பல் பூட்டுகிற முறையும் இருக்கிறது. அது எல்லோருடைய எலும்புக்கும் சரிவராது.

இனி பிளேனுக்கு வருவோம். அது 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றமுக்கம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான். நுவரெலியா நகரத்துக்கும் பீதுருதலாகல உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமுக்கம் குறைந்தால் காற்று விரியும். போயிலின் விதி படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். 8,000 அடியில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். ஆணிக்குள் காற்று இல்லை, அதனால் ஆணிக்கு ஒன்றும் ஆகாது. மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. அங்கே எலும்பு போதாவிட்டால் சைனஸின் அடிப்பகுதியை உயர்த்தி எலும்புத் தூள் வைத்துத்தான் இம்பிளான்ட் செய்வார்கள். அது வீங்கி அடைத்திருக்கும்போது பறந்தால் வலிக்கும், இரத்தம் கசியலாம், வைத்த எலும்பும் அசையலாம். காது அடைக்கிறது என்று மூக்கைப் பொத்தி ஊதுவது இன்னும் கேடு. சாதாரண இம்பிளான்டுக்கு இரண்டு மூன்று நாளில் பறக்க விடும் டொக்டர்மாரும், சைனஸ் வேலை செய்திருந்தால் குறைந்தது இரண்டு கிழமையாவது பொறுக்கச் சொல்வார்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை இறங்கிய பிறகுதான். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். தையல் வெட்ட ஏழு முதல் பத்து நாள் ஆகும். சீழ் பிடிப்பதும் சில நாள் கழித்தே தெரியும். அந்த நேரத்தில் ஆள் ரியாத்தில் வேலைத்தளத்தில் நிற்பார், ஆணி வைத்த டொக்டர் இங்கே இருப்பார். வேறொருவர் வைத்த இம்பிளான்டைத் தொட அங்குள்ள டொக்டர் யோசிப்பார். இங்கே மிச்சம் பிடித்த காசு அங்கே இரண்டு தடவையில் போய்விடும். நீரிழிவு உள்ளவர்களுக்கும், சிகரெட் குடிப்பவர்களுக்கும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்களுக்கும் இந்தக் கவலை இன்னும் கூட.

"கொம்பனி லீவு கூட்டித் தராது, டிக்கெட்டை மாற்ற ஏலாது" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படியென்றால் மாற்ற வேண்டியது டொக்டரிடம் போகும் நாளை. வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே ஆணியை வைத்துவிடுங்கள். தையல் வெட்டி, ஒருக்கால் காட்டிவிட்டுப் போகலாம். அடுத்த லீவில் வந்து பல்லைப் பூட்டலாம். இந்த வைத்தியமே மாதக்கணக்கில் நடப்பது. இரண்டு லீவுக்குப் பிரிப்பது அதற்குப் பொருந்தித்தான் போகும். முதல் லீவில் சுகமாகக் கலியாணச் சாப்பாடு சாப்பிட வேண்டுமென்றால், அதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

உம்ராவுக்குப் போகும் பெரியவர்களுக்கும் இதேதான். பயணம் நெருங்கும்போது இம்பிளான்ட் வைக்காமல், திரும்பி வந்து செய்யுங்கள். 2022 டிசம்பரில் பலாலி - சென்னை விமானம் மீண்டும் தொடங்கிய பிறகு, அங்கே போய்ப் பல் கட்டலாம் என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். பயணம் சின்னதுதான். அமுக்கம் குறைவது அதிலும் உண்டு. வீங்கினால் திரும்பிப் போகக் கடல் தாண்ட வேண்டும்.

டொக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சைனஸில் கை வைத்தீர்களா? நான் எத்தனையாம் நாள் பறக்கலாம்? எந்தக் கொம்பனியின் ஆணி, என்ன அளவு, என்ன இலக்கம்? மூன்றாவதுக்கு ஒரு அட்டை தருவார்கள். அதை எக்ஸ்ரேயோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். ஒவ்வொரு கொம்பனி ஆணிக்கும் திருகும் கருவி வேறு என்பதால், அந்த அட்டை இல்லாமல் வேறு நாட்டு டொக்டர் தடுமாறுவார்.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் நானாவுக்கோ ராத்தாவுக்கோ, அவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே இதை அனுப்பிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் கலியாணமும் காணி அலுவலும் முந்திவிடும்.