‘அலர்ஜி வராது’ என்ற சீட்டை நம்பலாமா?

ஏசி பெருகப் பெருக, சென்னை, கோவை வீடுகளிலும் ‘கம்ஃபர்ட்டர்’ என்னும் தடித்த போர்வை கட்டிலேறிவிட்டது. இணையக் கடையில் தேடினால் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று வாத்து, கூஸ் பறவைகளின் தூவி அடைத்தது. விலையைப் பார்த்தால் மலைப்பு வரும். மற்றொன்று ‘டவுன் ஆல்டர்னேட்டிவ்’, அதாவது தூவிக்கு மாற்று. விலை குறைவு, கூடவே ‘அலர்ஜி வராது’ என்ற வாக்குறுதி. உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் இழைதான். அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் போட விற்பவர்களுக்கு மனம் வருவதில்லை.

தூவி என்பது பறவையின் நெஞ்சில், வெளியிறகுக்கு அடியில் இருக்கும் காம்பில்லாத மென்கொத்து. அது பிடித்துவைக்கும் காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. அட்டையில் ‘ஃபில் பவர்’ 700, 800 என்று இருப்பது, ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு உப்புகிறது என்ற கணக்கு. ஆனால் நனைந்தால் கொத்துகள் ஒட்டிக்கொள்ளும், காற்று போய்விடும். ஈரத்திலும் சூடு காக்கும் இழை அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால்தான் 1980-களில் ‘பிரைமாலாஃப்ட்’ உருவானது.

ஆக, செயற்கை இழையின் உண்மையான பலம் ஈரத்தைத் தாங்குவதும், வீட்டு வாஷிங் மெஷினிலேயே துவைக்க முடிவதும்தான். அலர்ஜிப் பேச்சு அவ்வளவு உறுதியானதல்ல.

இறகுக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் சிலர் உண்டு. ஆனால் படுக்கையில் தும்மலையும் மூச்சிரைப்பையும் கிளப்புவதில் முக்கியப் பங்கு தூசிப்பூச்சிகளின் கழிவுக்குத்தான். 1996-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட ஆய்வொன்றில், இறகுத் தலையணைகளைவிடச் செயற்கை இழைத் தலையணைகளில்தான் இந்த ஒவ்வாமைப் பொருள் அதிகம் இருந்தது. இதற்கு உறைத்துணியைக் காரணமாகச் சொல்கிறார்கள். இறகு வெளியே வராதிருக்க நெருக்கி நெய்த துணி, பூச்சி உள்ளே போவதையும் தடுக்கிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும் இந்தப் பூச்சிக்குச் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்கள் தோதானவை. அங்கே நெருக்கமான உறையும், 60 டிகிரி வெந்நீர்ச் சலவையும் எந்தச் சீட்டையும்விடப் பயன் தரும்.

மனசாட்சிக் கணக்கும் எளிதல்ல. தூவி பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கும் பறவைகளின் உபபொருள். உயிருடன் பிடுங்கும் கொடுமையும் நடந்திருக்கிறது. அதைத் தடைசெய்யும் ‘ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்’ என்ற தரச்சான்று 2014-ல் வந்தது. பாலியஸ்டரோ பெட்ரோலியத்தின் பிள்ளை; துவைக்கும்போது நுண்ணிழைகளைத் தண்ணீரில் விடுகிறது.

எனவே தேர்வை ஊர் தீர்மானிக்கட்டும். டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கு, உறைபனிக் குளிரில் சான்று பெற்ற தூவிப் போர்வை கொடுத்த காசுக்குத் தகும். மூடுபனி புகும் கொடைக்கானல், ஊட்டி வீடுகளுக்குத் துவைத்து உலர்த்தக்கூடிய இழையே மேல். சமவெளியில் இரண்டுமே அதிகம். இந்தியாவில் நட்சத்திரக் குறியீடுள்ள ஏசிகள் 2020 முதல் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வருகின்றன. அந்த அளவில் ஒரு பருத்திப் போர்வை போதும். தூவிக்குள் புகுந்தால் வியர்வைதான் மிச்சம்.

தலையணைக்குப் போடி வட்டாரத்து இலவம்பஞ்சு இருக்கிறது. உள்ளீடற்ற, மெழுகு பூசினாற்போன்ற அதன் இழை நீரை ஏற்காததால் ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளிலும் அடைத்தார்கள். துவைக்க முடியாது, நாள்பட்டால் கட்டி தட்டும் என்பதும் உண்மை. வெயிலில் காயவைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றத் தயாராக இருப்பவர்களுக்கு அது ஒத்துவரும்.

விற்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘ஆல்டர்னேட்டிவ்’ என்பதற்குப் பதில் இழையின் பெயர், உறையின் நெசவு நெருக்கம், எத்தனை டிகிரி நீரில் துவைக்கலாம் என்ற விவரம் மூன்றையும் அட்டையின் முன்பக்கத்தில் தமிழிலும் அச்சிடட்டும்.