மெழுகுவர்த்தி கற்பித்த ஆங்கிலம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெரியம்மா வீட்டிற்குச் சென்றிருந்தேன். பெரியம்மாவின் மகள் கல்லூரியில் வேதியியல் முதலாண்டு படிக்கிறாள். எங்கள் குடும்பத்திலேயே ஆங்கிலத்தில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் அவள்தான். பொதுத் தேர்வில் ஆங்கிலப் பாடத்தில் 90க்கு மேல் வாங்கியவள். அந்த அக்கா கூடத்து மூலையில் அமர்ந்து, தடித்த புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்கியிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுவதும் ஒவ்வொரு சொல்லின் தலைக்கு மேலும் பென்சிலால் தமிழில் பொருள் எழுதியிருந்தது.

“சொல்லெல்லாம் தெரியுதுடி, வாக்கியந்தான் புரியல” என்றாள் அக்கா. வேதியியலை விட்டுவிட்டு வேறு பாடத்திற்கு மாறிவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 90க்கு மேல் வாங்கிய அக்காவுக்கே இந்த நிலை என்றால், 70ஐத் தாண்டத் தவிக்கும் என் கதி என்ன? நாம் பள்ளியில் கற்கும் ஆங்கிலம் வேறு, வெளியே நமக்காகக் காத்திருக்கும் ஆங்கிலம் வேறா? இந்தக் கேள்விக்கு நான் கண்ட விடையையே இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். எளிய அறிவியல் நூல்களைப் படிப்பதே ஆங்கில இலக்கணத்தையும் சொல்வளத்தையும் பழகுவதற்குச் சிறந்த வழி என்பது என் கருத்து.

தோழியரே! நாம் இப்போது இலக்கணம் படிக்கும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'இராமன் இராவணனைக் கொன்றான்' என்ற வாக்கியத்தை ஆக்டிவ் வாய்ஸிலிருந்து பேசிவ் வாய்ஸுக்கு மாற்றுகிறோம். பாவம், இராவணன்! ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் நம் நோட்டுப் புத்தகங்களில் கொல்லப்பட்டு வருகிறான். ஆனால் எதற்காக மாற்றுகிறோம், மாற்றினால் என்ன பயன் என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. விதியை ஒப்பிக்கிறோம், பயிற்சியை முடிக்கிறோம், மதிப்பெண் வாங்குகிறோம், மறந்துவிடுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதைத்தானே?

அறிவியலில் நிலைமை வேறு. நம் ஆய்வுக்கூடப் பதிவேட்டில் 'கரைசல் எடுக்கப்பட்டது', 'சூடாக்கப்பட்டது' என்றே எழுதுகிறோம். ஏன்? சூடாக்கியது நானா, என் பக்கத்து மேசைத் தோழியா என்பது அங்கே முக்கியமன்று. கரைசலுக்கு என்ன நேர்ந்தது என்பதே முக்கியம். செய்தவரைப் பின்னே தள்ளி, செயலை முன்னே நிறுத்துவதற்காகவே பேசிவ் வாய்ஸ் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இராவணன் இத்தனை ஆண்டுகள் மாண்டும் கற்பிக்காததை ஒரு சோதனைக் குழாய் கற்பித்துவிட்டது!

காலங்காட்டும் வினைகளிலும் நாம் தடுமாறுகிறோம். தமிழில் 'நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது' என்கிறோம். அடுப்படியில் நின்று 'அம்மா, நீர் கொதிக்கிறது' என்றும் கூவுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் போதாது. எப்போதும் உண்மையாக இருப்பதற்கு 'பாய்ல்ஸ்'; இந்த நிமிடம் அடுப்பில் நடப்பதற்கு 'இஸ் பாய்லிங்'. அறிவியல் நூலில் இயற்கையின் நியதிகள் பக்கத்துக்குப் பக்கம் வருவதால், முதல் வகை வினை நம் காதில் தானே படிந்துவிடுகிறது.

'இஃப்' என்று தொடங்கும் வாக்கியங்கள் மூன்று வகை என்று விதி சொல்கிறது. அவற்றை நான் குழப்பாத தேர்வே இல்லை. இப்போது மூன்று அறிவியல் செய்திகளைக் கொண்டு நினைவில் வைத்திருக்கிறேன். பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும்: இது என்றும் நடப்பது. நிலவில் காற்று மண்டலம் இருந்தால் அங்கே பகலில் வானம் கறுப்பாக இராது: இது இல்லாத ஒன்றைக் கற்பனை செய்வது. அலெக்ஸாண்டர் பிளெமிங் 1928இல் விடுமுறைக்குப் புறப்படுமுன் தம் ஆய்வுத் தட்டுகளையெல்லாம் கழுவி வைத்திருந்தால், திரும்பி வந்தபோது பெனிசிலினைத் தந்த பூசணத்தைக் கண்டிருக்க மாட்டார்: இது கடந்த காலத்தில் நடக்காமற் போனது. தமிழில் மூன்றிலும் 'ஆல்' என்றே முடிக்கிறோம். ஆங்கிலமோ வினையை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. எது நடக்கும், எது நடக்காது, எது நடந்திருக்கலாம் என்று பிரித்தறிவதுதானே அறிவியல்? இலக்கணமும் அதையே செய்கிறது என்று கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு முறை அறிவியல் விடைத்தாளில், சர்க்கரை நீரில் 'மெல்ட்' ஆகிறது என்று எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டு, “எங்கே அடுப்பு?” என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள்! வெப்பத்தால் உருகுவது 'மெல்ட்'. நீரில் கரைவது 'டிஸால்வ்'. தமிழில் நாம் உருகுவதையும் கரைவதையும் ஒரு நாளும் குழப்புவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் குழப்புகிறோம்? சொல்லைப் பொருளோடு சேர்த்துக் கற்காமல், அகராதியோடு மட்டும் சேர்த்துக் கற்றதனால்தான்.

இனி, என் மனத்தை மாற்றிய நூலைப் பற்றிக் கூறுகிறேன். விடுமுறை முடிந்து வந்ததும், நூலகத்துக்குப் பொறுப்பாக உள்ள சிஸ்டரிடம் அக்காவின் கதையைச் சொன்னேன். அவர்கள் பழைய அலமாரியிலிருந்து மெல்லிய நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞர் மெழுகுவர்த்தியைப் பற்றி ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் அதில் இருந்தன. லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் தொடங்கி, சிறுவர் சிறுமியர்க்காக அவர் பேசியவை அவை. 1861இல் நூலாக வந்தன. ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு ஆறு நாள் பேச முடியுமா என்று ஐயத்துடன்தான் திறந்தேன். மேசை மேல் பொருளை வைத்துக் காட்டிக்கொண்டே பேசியதனால், வாக்கியங்கள் நம்மிடம் நேரே பேசுவது போலவே இருந்தன.

அணைத்த மெழுகுவர்த்தியைத் திரியைத் தொடாமலே மீண்டும் ஏற்றும் சோதனை ஒன்று அதில் வருகிறது. சிஸ்டரின் அனுமதியுடன், சிற்றாலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்து நானும் முயன்றேன். பலமாக ஊதி அணைத்து, எரியும் தீக்குச்சியை அருகில் கொண்டு சென்றேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் முயன்றேன். பலனில்லை. ஃபாரடேயே தவறாக எழுதிவிட்டாரோ என்று கூட நினைத்தேன்! பிறகு அந்தப் பத்தியை மெதுவாகப் படித்தேன். சுற்றியுள்ள காற்று கலையாத வகையில் அணைக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு சிறு துணைவாக்கியம் அங்கே இருந்தது. தேர்வுக்குப் படிக்கும் பழக்கத்தில் அதை நான் தாவிச் சென்றிருந்தேன்.

இந்த முறை மெதுவாக அணைத்தேன். திரியிலிருந்து வெண்ணிறக் கோடு போல ஆவி எழுந்தது. இரண்டு மூன்று அங்குலத்துக்கு அப்பால் தீக்குச்சியைக் காட்டினேன். அந்த ஆவியின் வழியே நெருப்பு கீழே ஓடிச் சென்று திரியைப் பற்றிக்கொண்டது! அருகில் நின்ற தோழியர் கை தட்டினார்கள். நாம் புகை என்று எண்ணுவது உண்மையில் எரியக்கூடிய மெழுகின் ஆவி என்று அன்று அறிந்தேன். 'ஸ்மோக்' என்பதற்கும் 'வேப்பர்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இனி என் வாழ்நாளில் மறக்காது.

நான் சொல்ல வந்தது இதுதான். கட்டுரைப் பயிற்சியில் ஒரு துணைவாக்கியத்தை விட்டால் அரை மதிப்பெண் போகும், அவ்வளவே. அறிவியல் நூலில் ஒன்றை விட்டால் மெழுகுவர்த்தி ஏறாது. நாம் சரியாகப் படித்தோமா என்பதைப் பொருளே திருத்திச் சொல்லிவிடுகிறது. இதைவிடக் கண்டிப்பான, இதைவிட அன்பான ஆசிரியை யார்?

ஃபாரடே எங்கே ஆங்கிலம் கற்றார் என்று தேடிப் பார்த்தபோது இன்னும் வியந்தேன். 1791இல் பிறந்த அவர் கொல்லர் ஒருவரின் மகன். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே படித்தார். அவருக்கு வேதியியலில் ஆர்வம் ஊட்டிய நூல்களுள் ஒன்று ஜேன் மார்செட் என்னும் பெண்மணி எழுதியது. எமிலி, கரோலின் என்ற இரண்டு சிறுமியர் தங்கள் ஆசிரியையிடம் கேள்வி கேட்பது போன்ற உரையாடல் நூல் அது. முதலில் வெளிவந்தபோது ஆசிரியர் பெயரே அதில் இல்லை. பெண் பிள்ளைகளின் கேள்விகளைக் கொண்டு எழுதிய நூல் ஒரு பெரும் விஞ்ஞானியை உருவாக்கத் துணை செய்தது என்பது நமக்குப் பெருமையல்லவா? ஃபாரடே தம் ஆங்கிலத்தின் குறைகளையும் உணர்ந்திருந்தார். 1812 முதல் பெஞ்சமின் அபட் என்ற நண்பருக்குக் கடிதங்கள் எழுதிப் பழகினார். நண்பர்களுடன் கூடி, ஒருவர் பேச்சையும் எழுத்தையும் மற்றவர் திருத்தும்படி செய்துகொண்டார். அறிவியலையும் மொழியையும் அவர் ஒன்றாகவே கற்றார் எனலாம்.

“கதையும் கவிதையும் படித்தால் மொழி வராதா?” என்று சிலர் கேட்கலாம். வரும், அவற்றைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. நானே கதைப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்திருப்பவள்தான். ஆனால் கதையில் தெரியாத சொல் வந்தால் ஊகித்துக்கொண்டு ஓடிவிடுகிறோம். கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்ற அவசரம் நமக்கு! அறிவியல் நூல் நம்மை நிற்க வைக்கிறது. கல்லூரியில் அக்காவுக்குத் தேவைப்பட்டது அந்த நிதானம்தான்.

“தாய்மொழியில் அறிவியல் கற்பதுதானே முறை?” என்றும் கேட்கலாம். இக்கேள்வியை நான் மதிக்கிறேன். பெ. நா. அப்புசாமி (1891-1986) போன்ற பெரியோர்கள் தமிழில் எதையும் விளக்க முடியும் என்று எழுதியே காட்டிவிட்டார்கள். ஆகவே முதலில் தமிழில் விளங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். மெழுகு திரியில் ஏறுவதற்குக் காரணமான 'நுண்புழை' கவர்ச்சியைத் தமிழில் படித்திருந்ததால்தான், ஆங்கிலத்தில் 'கேப்பிலரி' என்று கண்டபோது நான் அஞ்சவில்லை. மயிரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்று அகராதியில் கண்டதும், மயிரிழை போன்ற குழாய் என்று உடனே மனத்தில் பதிந்தது. தெரிந்த பொருளைத் தெரியாத மொழியில் படிப்பது, தெரிந்த வீட்டிற்குப் புதிய தெரு வழியாகப் போவது போல. வழி தவறினாலும் வீடு எது என்று தெரியும்.

நான் கடைப்பிடிக்கும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். முதல் முறை அகராதியைத் தொடாமல் படிக்க வேண்டும். இரண்டாம் முறை ஐந்து சொற்களை மட்டும் குறித்து, பொருளை மட்டும் எழுதாமல் சொல் வரும் வாக்கியத்தையே எழுதிக்கொள்ள வேண்டும். செய்யக்கூடிய சோதனையானால் பெரியவர்கள் துணையுடன் செய்து பார்க்க வேண்டும். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, கண்டதை ஆங்கிலத்தில் ஒரு தோழிக்குச் சொல்ல வேண்டும். சிரிப்பாள், சிரிக்கட்டும். அடுத்த நாள் அவள் சொல்லும்போது நாம் சிரிக்கலாம்!

ஈஸ்டர் விடுமுறையில் பெரியம்மா வீட்டிற்கு மறுபடி சென்றபோது, அந்த நூலையும் ஒரு மெழுகுவர்த்தியையும் கொண்டு போனேன். அக்காவும் நானும் முற்றத்து வெயிலில் அமர்ந்து, சுடரின் நிழலைச் சுவரில் பார்த்தோம். சுடரில் மிகப் பிரகாசமான பகுதியே மிகக் கருமையான நிழலைத் தருகிறது என்று ஃபாரடே காட்டியிருந்தது உண்மையாக இருந்தது. 'ஆல்தோ' என்று தொடங்கி அக்கா அதை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகச் சொன்னாள். பென்சில் எடுக்காமல், தலைக்கு மேல் தமிழ் எழுதாமல், தானே சொன்னாள்.

அக்கா இன்னும் வேதியியல்தான் படிக்கிறாள். வேறு பாடத்திற்கு மாறும் பேச்சு வீட்டில் இப்போது எழுவதில்லை. பாடம் எளிதாகிவிட்டது என்று அவள் சொல்லவில்லை. நாளுக்கு நான்கு பக்கம் நகர்கிறது என்கிறாள்.

தோழியரே, நம் நூலகத்தின் அந்தப் பழைய அலமாரி பெரும்பாலும் திறக்கப்படுவதில்லை. ('திறக்கப்படுவதில்லை' என்பது பேசிவ் வாய்ஸ், யார் திறக்கவில்லை என்பதை நாகரிகமாக மறைக்கிறது!) அடுத்த ஆண்டு இந்த இதழ் வெளிவரும்போது, அந்த வாக்கியத்தை ஆக்டிவ் வாய்ஸில், 'நாங்கள் திறந்தோம்' என்று நீங்கள் எழுத வேண்டும் என்பதே என் ஆசை.