கரன்ட் போய் 3 நாள் ஆனால் வீட்டு சர்வர் தாங்குமா? யுபிஎஸ், இன்வெர்ட்டர், சோலார்... எது கைகொடுக்கும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வட மாவட்டங்களில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "புயல் எங்கே கரையைக் கடக்குது?" அடுத்த கேள்வி, "கரன்ட் எப்போ வரும்?" முதல் கேள்விக்கு வானிலை ஆய்வு மையம் பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கான பதில் சில நேரம் ஒரு மணி நேரம், சில நேரம் ஒரு வாரம்.

இவ்வளவு நாளும் கரன்ட் போனால் ஃபேன், லைட், மோட்டார், மிக்ஸி பற்றித்தான் கவலை. இப்போது அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அது வீட்டு சர்வர்.

வீட்டு சர்வர் என்றால் என்ன?

சர்வர் என்றதும் ஏசி அறையில் வரிசையாக அடுக்கி வைத்த கணினிகள் நினைவுக்கு வரலாம். வீட்டு சர்வர் அப்படி இல்லை. 24 மணி நேரமும் அணையாமல் ஓடும் ஒரு சின்ன கணினி, அவ்வளவுதான். குடும்பத்தின் போட்டோ, வீடியோ, கடையின் பில் கணக்கு, ஸ்டூடியோவில் எடுத்த கல்யாண வீடியோ, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் கோப்புகள் எல்லாம் அதில் இருக்கும். சிசிடிவி கேமரா பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியும் ஒரு வகையில் சர்வர்தான்.

காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் அருகே, பாலாற்றங்கரையில் இருக்கும் பழையசீவரம் போன்ற ஊர்களில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மகேந்திரா சிட்டி என்று தொழிற்பேட்டைகள் சூழ்ந்த பகுதி இது. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்பது கிராமங்களுக்கும் வந்துவிட்டது. ஃபைபர் இணைப்பும் வந்துவிட்டது. ஆனால் மின்சாரம் இன்னும் வயல் நடுவே நடப்பட்ட கம்பங்கள் வழியாகத்தான் வருகிறது. சிக்கல் அங்கேதான்.

நீண்ட மின்தடை மூன்று வகை

எந்த பேக்கப் வாங்கலாம் என்று முடிவு செய்யும் முன், மின்தடை எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளின் அனுபவம் மூன்று வகையைக் காட்டுகிறது.

முதல் வகை, கம்பம் சாய்வது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் கம்பங்களும் மரங்களும் சாய்ந்தன. கிராமப் பகுதிகள் பலவற்றில் கரன்ட் திரும்ப ஒரு வாரத்துக்கும் மேல் ஆனது. 2018 நவம்பர் 16-ம் தேதி டெல்டாவைத் தாக்கிய கஜா புயலில் சேதமான மின்கம்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. சில கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

இரண்டாவது வகை, தண்ணீர் தேங்குவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் சென்னையின் தாழ்வான பகுதிகளில் நாட்கணக்கில் கரன்ட் இல்லை. கம்பம் நின்றாலும் தெருவில் தண்ணீர் நின்றால், பாதுகாப்புக்காக மின்வாரியமே இணைப்பைத் துண்டித்துவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி வெள்ளம் வந்ததைப் பார்த்த கரையோர ஊர்களுக்கு இது புதிதல்ல.

மூன்றாவது வகை, எரிபொருளே இல்லாமல் போவது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அங்கே எந்தக் கம்பமும் சாயவில்லை. டீசல் வாங்க டாலர் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் பங்க் வாசலில் வரிசையில்தான் நின்றார்கள்.

ஆக, ஒரே கருவி மூன்றுக்கும் சரிவராது. எந்த வகைக்காகத் தயாராகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி அல்ல

கடைக்குப் போனதும் "எத்தனை ஏஹெச் பேட்டரி?" என்ற பேச்சுதான் முதலில் வரும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சர்வர் எத்தனை வாட் இழுக்கிறது?

பழைய டெஸ்க்டாப் ஒன்றை சர்வராக மாற்றி வைத்திருந்தால் சாதாரணமாக 60 முதல் 100 வாட் வரை இழுக்கும். உள்ளங்கை அகல மினி கணினி என்றால் 10 முதல் 20 வாட். வைஃபை ரவுட்டரும் ஃபைபர் மோடமும் சேர்ந்து சுமார் 15 வாட்.

இப்போது கணக்கு. வீடுகளில் பரவலாக இருக்கும் 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் 1,800 வாட்-ஹவர் இருக்கிறது. அதை முழுசாக உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். 70 சதவீதம்தான் எடுக்கலாம் என்று வைத்தால் கையில் 1,260 வாட்-ஹவர். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஒரு 15 வாட் தின்னும்.

80 வாட் டெஸ்க்டாப்பும் ரவுட்டரும் ஓடினால் மொத்தம் 110 வாட். சுமார் 11 மணி நேரம் தாங்கும். அதே இடத்தில் 15 வாட் மினி கணினி இருந்தால் மொத்தம் 45 வாட். அதே பேட்டரி சுமார் 28 மணி நேரம் தாங்கும். இரண்டாவது பேட்டரி வாங்காமலேயே நேரம் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

ஆனால் வீட்டு இன்வெர்ட்டர் சர்வருக்கு மட்டும் சொந்தமா என்ன? கரன்ட் இல்லாத ராத்திரியில் பாட்டிக்கு ஃபேன் வேண்டும், குழந்தைக்கு ஃபேன் வேண்டும். சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட். டெஸ்க்டாப் சர்வரோடு இரண்டு ஃபேன் ஓடினால் மொத்தம் 260 வாட். 5 மணி நேரத்துக்குள் எல்லாம் நின்றுவிடும். சர்வருக்காக யாரும் பாட்டியின் ஃபேனை நிறுத்தப் போவதில்லை. அதனால் சர்வருக்குத் தனியாக ஒரு சின்ன ஏற்பாடு இருப்பதே நல்லது. ஃபேனை 30 வாட்டுக்குள் ஓடும் பிஎல்டிசி வகைக்கு மாற்றுவதும் ஒரு வகையில் பேட்டரி வாங்குவதுதான்.

யுபிஎஸ்: நிமிடங்களுக்கு மட்டும்

கணினிக்குக் கீழே வைக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி ஒன்றுதான் இருக்கும். அதாவது 84 வாட்-ஹவர். டெஸ்க்டாப்பை அரை மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம்.

அப்போ எதற்கு அது? சர்வரை ஒழுங்காக அணைப்பதற்கு. கோப்பு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் பட்டென்று போனால் அந்தக் கோப்பு கெடும். சில நேரம் முழு டிஸ்க்கின் அட்டவணையே குழம்பி, அடுத்த முறை கணினி கிளம்பாது. யுஎஸ்பி வசதியுள்ள யுபிஎஸ்ஸை சர்வரோடு இணைத்து அதற்கான இலவச மென்பொருளைப் போட்டுவிட்டால், பேட்டரி குறையும்போது சர்வர் தானாகவே அணைந்துகொள்ளும். வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

இன்வெர்ட்டர்: இரண்டு விஷயம் பாருங்க

ஒன்று, அது தருவது ப்யூர் சைன் வேவ்தானா? மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் முனகியபடியாவது ஓடிவிடும். ஆனால் சில கணினிகளும் யுபிஎஸ்களும் அதை ஏற்காது.

இரண்டு, பின்பக்கம் இருக்கும் 'யுபிஎஸ் மோடு' சுவிட்ச். அது போடாமல் இருந்தால் கரன்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம். பல வீடுகளில் இந்த சுவிட்ச் வாங்கிய நாளிலிருந்து தொடப்படாமலேயே இருக்கிறது.

ட்யூபுலரா, லித்தியமா?

100 ஏஹெச் லித்தியம் பேட்டரி (12.8 வோல்ட்) 1,280 வாட்-ஹவர் வைத்திருக்கும். அதில் 90 சதவீதம் வரை எடுக்கலாம். அதாவது 150 ஏஹெச் ட்யூபுலருக்குக் கிட்டத்தட்ட சமம். சீக்கிரம் சார்ஜ் ஆகும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இல்லை, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். ஆனால் விலை அதிகம். பழைய இன்வெர்ட்டரின் சார்ஜர் அதற்கு ஒத்துவருமா என்றும் பார்க்க வேண்டும்.

தினமும் மின்வெட்டு இருக்கும் ஊரில் அந்தக் கூடுதல் விலை திரும்பக் கிடைக்கும். வருடத்துக்கு ஒரு புயல், மாதத்துக்கு ஒரு பராமரிப்பு மின்தடை என்றால் ட்யூபுலரே போதும். ஒரு எச்சரிக்கை: காலியான ட்யூபுலர் பேட்டரி முழுசாக சார்ஜ் ஆக 10 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். புயலுக்குப் பிறகு கரன்ட் இரண்டு மணி நேரம் வந்து மறுபடி போனால், பேட்டரி நிறைந்திருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது.

மொட்டை மாடி சோலார் இருக்கே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். கரன்ட் பில்லைக் குறைக்க அருமையான திட்டம்.

ஆனால் பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், லைனில் கரன்ட் போனதும் தானும் அணைந்துவிடும். கோளாறு எதுவும் இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியர் மீது வீட்டு சோலார் கரன்ட் பாய்ந்துவிடக் கூடாதே! மானியமோ பேனலின் கிலோவாட்டைப் பார்த்துத்தான் தரப்படுகிறது, பேட்டரிக்கென்று தனியாக இல்லை. அதனால் நல்ல வெயில் அடிக்கும், மாடியில் பேனல் இருக்கும், வீட்டில் கரன்ட் இருக்காது. புயல் அடிக்கடி வரும் கரையோர மாவட்டங்களில் அரசு யோசிக்க வேண்டிய இடம் இது.

மின்தடையிலும் சோலார் வேலை செய்ய வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அல்லது சர்வருக்கு மட்டும் தனியாக 200 வாட் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், ஒரு பேட்டரி போதும். நல்ல வெயில் நாளில் 800 வாட்-ஹவர் வரை எதிர்பார்க்கலாம். மினி கணினிக்கும் ரவுட்டருக்கும் ஒரு முழு நாளுக்கு இதுவே ஏறக்குறைய சரியாக இருக்கும். புயல் மேகத்தில் இதில் கால் பங்குகூட வராமல் போகலாம். ஆனால் புயல் கடந்த பிறகு பெரும்பாலும் வெயில் வந்துவிடும். கம்பம்தான் வராது.

ஜெனரேட்டர்: கடைசி ஆயுதம்

சின்ன சர்வருக்காக நாள் முழுக்க ஜெனரேட்டர் ஓட்டுவது பெட்ரோலைக் கொளுத்துவதற்குச் சமம். தினமும் சில மணி நேரம் ஓட்டி, பேட்டரியை சார்ஜ் செய்துவிட்டு நிறுத்துவதே சிக்கனம். இரண்டு விஷயத்தில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள்ளோ, ஜன்னல் ஓரத்திலோ ஓட்டவே கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். அடுத்து, சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் செருகக் கூடாது. அந்தக் கரன்ட் வெளியே லைனுக்குப் போய், கம்பத்தில் இருப்பவரைத் தாக்கும்.

சர்வர் ஓடும், இன்டர்நெட் இருக்குமா?

எவ்வளவு செலவு செய்தாலும் வீட்டுக்காரர் கையில் இல்லாத ஒன்று உண்டு. தெருமுனையில் கேபிள் ஆபரேட்டர் வைத்திருக்கும் சுவிட்சுக்கும் கரன்ட் வேண்டும். செல்போன் டவரும் பேட்டரி, டீசல் இருக்கும்வரைதான். கம்பத்தோடு ஃபைபர் கேபிளும் அறுந்தால் எந்த பேட்டரியும் உதவாது. பேக்கப் வாங்கும் முன், "கரன்ட் போனா உங்க பக்கம் எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவர் பக்கம் 2 மணி நேரம் என்றால், வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக வீட்டில் 20 மணி நேர பேட்டரி வைத்துப் பயனில்லை.

அதனால்தான் நீண்ட மின்தடையில் குறிக்கோளே மாறுகிறது. சர்வர் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதைவிட, அதில் இருப்பது அழியக் கூடாது என்பதுதான் முக்கியம். கல்யாண வீடியோ நான்கு நாள் தாமதமாகப் போனால் சமாளித்துவிடலாம். டிஸ்க் போய்விட்டால் அந்தக் கல்யாணத்தை மறுபடி நடத்த முடியாது.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில், முக்கியமான கோப்புகளின் நகல் ஒன்று வேறு ஊரில், உறவினர் வீட்டிலாவது இருக்கட்டும். அதன் செலவு ஒரு ஹார்டு டிஸ்க் மட்டுமே. அடுத்து, தானாக அணைக்கும் வசதியுள்ள சின்ன யுபிஎஸ். பிறகு சர்வரைக் குறைந்த வாட்டுக்கு மாற்றுவது. பெரிய பேட்டரி அதற்கு அப்புறம்தான். வெயிலை நம்பித் தனி சோலார் கடைசியில்.

ஆற்றங்கரை ஊர் என்றால் பேட்டரி, சர்வர் எல்லாம் தரையிலிருந்து உயரத்தில் இருக்க வேண்டும். கரன்ட் திரும்பி வந்ததும் உடனே சர்வரைப் போட வேண்டாம். முதல் சில நிமிடங்களில் வோல்டேஜ் ஏறி இறங்கும், கொஞ்சம் பொறுத்துப் போடலாம்.

அறுந்து கிடக்கும் வயரை யாரும் தொடக் கூடாது. தமிழ்நாட்டில் மின்சாரம் தொடர்பான புகார்களை 24 மணி நேரமும் இயங்கும் மின்னகத்தின் 94987 94987 எண்ணில் தெரிவிக்கலாம். புயல் எச்சரிக்கை வந்ததுமே போனில் முழு சார்ஜ் போட்டு வைத்தால்தான், அந்த எண்ணுக்கே கூப்பிட முடியும்.