சுவரில் தொங்கும் சான்றிதழ் போதுமா?

பட்டம் வாங்கி, பதிவு எண்ணும் பெற்றுவிட்டால் வைத்தியருக்குப் படிப்பு முடிந்துவிட்டதா? இல்லவே இல்லை! அலோபதி டாக்டர்கள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்கிறது 2002-ம் ஆண்டு விதிமுறை. சித்த மருத்துவர்களாகிய எங்களுக்கும் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால், நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட மணிக்கணக்கு மட்டும் நோயாளியைக் குணமாக்கிவிடாது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து மூட்டுவலிக்காக ஒருவர் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தால், அன்றைய கூலி போச்சு. பஸ் செலவு வேறு. மருந்து வாங்கிப் போனவர் மறுபடி வரவில்லையா? 'குணமாகியிருக்கும்' என்று வைத்தியர் நினைத்துக்கொள்வது சுலபம். நிஜமாகவே குணமா, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா, கையில் காசில்லையா? யாருக்குத் தெரியும்!

தெரிந்துகொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூட்டுவலிக்கு வந்த 20 பேரை வரிசையாக எழுதணும்: கொடுத்த மருந்து, அனுபானம், பத்தியம், கூடவே சாப்பிடும் இங்கிலீஷ் மாத்திரை, வலியின் அளவு. 3 மாதம் கழித்து, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை பேருக்கு வலி குறைந்தது என்று எண்ணணும். வராதவர்களை விசாரிக்கணும். தெரியவந்த குறையில் ஒன்றைத் திருத்திவிட்டு, மறுபடி எண்ணணும். இந்தக் கணக்கையும் பயிற்சி நேரமாகச் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

கடுக்காயைக்கூட கொட்டை நீக்கிச் சுத்தி செய்துதான் மருந்தில் சேர்க்கிறோம். வைத்தியத்துக்கும் அந்தச் சுத்தி வேண்டாமா?

வாசகர்களே, மருந்தைப் பாதியில் நிறுத்தினால் காரணத்தை வைத்தியரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது!