உங்க மேனேஜருக்கு உங்க இஎம்ஐ தெரியுமா?

போன வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆபீஸ் போகவே பிடிக்கலை, வேலையை விட்டுடலாமா?" என் கதையைச் சொல்றேன்.

கள்ளக்குறிச்சியில ஒரு கடன் கொடுக்குற கம்பெனியில கலெக்‌ஷன் வேலை பார்த்தேன். கையில வர்றது 22,000. தினமும் காலையில மீட்டிங்; டார்கெட் முடிக்காதவங்க பேரு வாட்ஸ்அப் குரூப்ல வரும். கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலை வரைக்கும் சொந்த பைக்ல போகணும். பெட்ரோல் பில் பாஸாக ரெண்டு மாசம் ஆகும். ஒருநாள் லீவு கேட்டேன். மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "உனக்குத்தான் டியூ இருக்கே, எங்கே போயிடப் போறே?"

அதே வாரம் மலையில ஒரு அண்ணன்கிட்ட பேசினேன். கர்நாடகா எஸ்டேட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனவர். "கணக்கு கழியற வரைக்கும் அங்கேதான் சார்" என்றார். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுறது 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அவர் கஷ்டமும் என் கஷ்டமும் ஒண்ணு இல்லை. ஆனா அன்னைக்குத்தான் ஒண்ணு புரிஞ்சது: என் அட்வான்ஸுக்குப் பேரு இஎம்ஐ.

என் கருத்து இதுதான். மோசமான மேனேஜரை நீங்க திருத்த முடியாது, அது உங்க வேலையும் இல்லை. அவர் தைரியமே நீங்க போக மாட்டீங்க என்பதுதான். அதை உடைக்கிறது மட்டும் உங்க கையில இருக்கு.

எனக்கு பைக் டியூ 4,200, பர்சனல் லோன் 5,300. முதல்ல பர்சனல் லோனை முடிச்சேன். அப்புறம் அதே 5,300-ஐ மாசாமாசம் தனி அக்கவுன்ட்ல போட்டேன். 10 மாசத்துல 53,000. என் மூணு மாசச் செலவுக்கு அது போதும். வேலை மாறல, திட்டும் குறையல. ஆனா ராத்திரி தூக்கம் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நிதானமா வேற வேலை தேடினேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க:

1. ஆஃபர் லெட்டர் கைக்கு வராம ராஜினாமா வேண்டாம். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்னு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல படிங்க.

2. பிஎஃப் பணத்தை எடுக்காதீங்க, புது கம்பெனிக்கு மாத்துங்க. 5 வருஷ சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா பொதுவா வரி உண்டு. மாத்தினா பழைய சர்வீஸும் சேர்ந்துக்கும்.

3. நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி கிடைக்க 5 வருஷம் வேணும். பேசிக் 15,000-ன்னா, 15,000 × 15 ÷ 26 × 5, அதாவது 43,000-க்கு மேல. இன்னும் ரெண்டு மூணு மாசம்தான் பாக்கின்னா, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கலாம். எனக்கு 3 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் பணம் வேண்டாம்னு வந்துட்டேன். வருத்தமில்லை.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் புது போனுக்கு இஎம்ஐ போடத் தோணும். போடுறதுக்கு முன்னாடி உங்க மேனேஜர் முகத்தை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.