தலைகளை எண்ணுவது இலக்கு ஆகாது

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி நடக்கிறது. ஆண்டுதோறும் நடக்கிறது. அதனால் எந்தப் பள்ளியில் என்ன மாறியது என்று கேட்டால் பதில் இல்லை. என்ன மாற வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்காதவர்களிடம் பதில் எப்படி இருக்கும்?

2019 ஆகஸ்டில் மத்திய அரசு ‘நிஷ்தா’ திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கக் கல்வி நிலையில் ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 42 லட்சம் பேருக்குப் பயிற்சி என்று அறிவித்தது. முன்னிறுத்தப்பட்ட எண் அதுதான். அது ஆள் கணக்கு. மாணவர்களின் கற்றல் எவ்வளவு உயரும், எந்த ஆண்டுக்குள் உயரும் என்பதற்கு அதே அழுத்தத்தோடு ஓர் எண் சொல்லப்படவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை வந்தது. ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்றது. அது மணிக் கணக்கு. ஆளையும் மணியையும் எண்ணிவிட்டு, பள்ளியை எண்ணாமல் விட்டார்கள்.

மாநிலங்கள் இதைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. தமிழகத்தில் மாவட்டத்திலிருந்து புறப்படும் சுற்றறிக்கைகளைப் பாருங்கள். நாள் இருக்கும். இடம் இருக்கும். ஒன்றியத்துக்கு எத்தனை பேர் என்ற பட்டியல் இருக்கும். தவறாது கலந்துகொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்கும். பயிற்சி முடிந்து ஆறு மாதத்தில் அந்தப் பள்ளியில் என்ன நடந்திருக்க வேண்டும் என்ற ஒரு வரி இருக்காது.

பயிற்சியின் கடைசி ஒரு மணி நேரம் எப்படிக் கழிகிறது என்பது தலைமை ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். பின்னூட்டப் படிவம் வரும். கருத்தாளர் தெளிவாக விளக்கினாரா, கட்டகம் பயனுள்ளதாக இருந்ததா, உணவு எப்படி என்று கேள்விகள். ‘மிக நன்று’ கட்டத்தில் டிக் விழும். வருகைப் பதிவேட்டில் பிற்பகல் கையொப்பம், குழுப் புகைப்படம், சான்றிதழ். புகைப்படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அறிக்கை மேலிடத்துக்குப் போகும். கோப்பு மூடப்படும்.

பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் உண்டு என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதினார். வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, பணியிடத்தில் அவர் நடைமுறை மாறியதா, நிறுவனத்தில் விளைவு தெரிந்ததா. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் கல்வித்துறை முதல் படியிலேயே நிற்கிறது. முன்தேர்வு, பின்தேர்வு நடத்தினால் இரண்டாம் படி. மூன்றாவது படிக்கு யாரும் பள்ளிக்கு வருவதில்லை.

பயிற்சி முடிந்து தலைமை ஆசிரியர் பள்ளிக்குத் திரும்புகிறார். கல்வித்துறையின் ‘எமிஸ்’ தகவல் தளப் பதிவுகள் காத்திருக்கின்றன. மாலைக்குள் அனுப்ப வேண்டிய புள்ளிவிவரம் காத்திருக்கிறது. எழுத்தர் இல்லாத பள்ளியில் அந்த வேலையும் அவருடையதே. வகுப்பறை உற்றுநோக்கல் பற்றி அரங்கில் கேட்டதெல்லாம் அன்றோடு சரி. அவர் எத்தனை வகுப்புகளில் உட்கார்ந்தார், எந்த ஆசிரியரோடு பாடம் பற்றிப் பேசினார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத வேலை பின்னுக்குப் போகும். போய்விட்டது.

எதை இலக்காக வைப்பது என்று தெரியவில்லை என யாரும் சொல்ல முடியாது. நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு திட்டமாகச் சொன்னது. ஆசிரியர்களின் கற்றலை முன்னெடுத்து, தானும் அதில் பங்கேற்கும் தலைமையே மாணவர் கற்றலில் பெரிய மாற்றத்தோடு இணைந்திருக்கிறது. ஆகவே அளக்க வேண்டியது அதைத்தான்.

கருவிகளும் கையில் இருக்கின்றன. 2015-இல் வந்த ‘ஷாலா சித்தி’ 7 களங்களையும் 46 தரநிலைகளையும் தந்து, பள்ளியே தன்னை மதிப்பிட்டு முன்னுரிமைகளைக் குறிக்கச் சொன்னது. கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் கேட்கிறது. பள்ளியின் குறை அந்தத் தாள்களில் இருக்கிறது. பயிற்சியின் நோக்கம் கட்டகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டியவர்கள் வைக்கவில்லை. இதற்குப் பணம் தேவையில்லை, புதிய சட்டம் தேவையில்லை. அக்கறை தேவைப்பட்டது. அது இல்லை.

இதற்கு யார் பொறுப்பு? கட்டகம் எழுதும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பொறுப்பு. நிதியைக் கையாளும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட அலுவலகம் பொறுப்பு. வருகை எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்கி நிறைவடையும் உயர் அலுவலர்கள் பொறுப்பு. தலைமை ஆசிரியர்மேல் பழி போட்டுத் தப்பிக்க வேண்டாம். இலக்கு கொடுக்காமல் அனுப்பியவர்கள் நீங்கள்.

திருத்தம் அடுத்த பயிற்சிக்கு முன் வர வேண்டும். அரங்கில் நுழையும்போது ஒவ்வொரு தலைமை ஆசிரியர் கையிலும் அவர் பள்ளியின் தரவு இருக்கட்டும். மூன்றாம் வகுப்பில் எத்தனை குழந்தைகள் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கிறார்கள் என்ற எண் இருக்கட்டும். வெளியேறும்போது இரண்டே இலக்குகள் போதும். ஒன்று குழந்தைகளின் கற்றலில், மற்றொன்று தலைமை ஆசிரியரின் நடைமுறையில். இன்றைய நிலை, எட்ட வேண்டிய நிலை, தேதி மூன்றும் எழுதப்பட வேண்டும். மேலிருந்து ஒரே எண்ணை எல்லாப் பள்ளிக்கும் திணிக்கக் கூடாது. அப்படித் திணித்த இடங்களில் பொய்ப் பதிவுதான் பெருகும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர் பயிற்சி முடிந்த ஒரு மாதத்தில் ஒருமுறை, பருவ முடிவில் ஒருமுறை பள்ளிக்குப் போக வேண்டும். குறை கண்டுபிடிக்கும் ஆய்வாக அது இருக்கக் கூடாது. வகுப்பில் உட்கார்ந்து, தலைமை ஆசிரியரோடு பேசி, தடையை அறிந்து, அதை நீக்கும் அதிகாரம் உள்ளவரிடம் சேர்க்க வேண்டும். எழுத்தர் பணியே தடை என்றால் அதை எடுத்துப் போட வேண்டியது துறை.

எட்டிய இலக்கும் எட்டாத இலக்கும் மாவட்டவாரியாக ஆண்டு முடிவில் வெளியிடப்பட வேண்டும். அடுத்த சுற்றறிக்கையில் நாள், இடத்தோடு இலக்கும் இருக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அலுவலரின் பதவியும் அதன் கீழே அச்சாக வேண்டும். இவை இல்லாத சுற்றறிக்கையைக் கல்வித்துறைச் செயலாளர் திருப்பி அனுப்ப வேண்டும்.